பெயர் நீக்கச் சான்று

தர்மன் வீட்டை விட்டுப் போன அன்று செங்கம்மாள் லோதி ரோட்டில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தன் ஜுக்கிக் குடிசைக்குத் திரும்பியபோது கொடியில் அவன் சட்டைகள் இல்லை. மூலையில் கிடந்த பெயிண்ட் பிரஷ்களும் இல்லை. அவன் போவான் என்று அவளுக்கு ஒரு வருஷமாகவே தெரியும். எந்தப் பெண்ணோடு என்பதும் தெரியும். அதனால் உட்கார்ந்து அழவில்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து தன் துணிமணி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பெட்டியின் அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த ரேஷன் கார்டைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் குளிர்காலம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அவர்கள் இருவரும் டெல்லிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாக்கடைக் கால்வாய் ஓரம், தமிழர்களாகவே நிறைந்த ஒரு ஜுக்கிக் குடியிருப்பில் ஒரு அறை. அவன் அரசாங்கக் குடியிருப்புகளுக்கு வெள்ளையடிக்கிற கான்ட்ராக்டரிடம் வேலை செய்தான். அவள் நான்கு வீடுகளில் வேலை. ஒரே பெண், சுஜாதா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. லோதி ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் கோதுமை வாங்கலாம் என்று பெட்டியைத் திறந்தபோதுதான் பை மட்டும் கிடந்தது. ரேஷன் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் பேரேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் ஆள் வந்து கார்டை மாற்றிக்கொண்டு போய்விட்டான், இனிமேல் ஜமுனா நதிக்கு அந்தப் பக்கத்துக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று முத்திரை குத்திய கார்டு அது. அந்த முத்திரை விழுவதற்காக அவள் இரண்டு முறை கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றிருக்கிறாள்.

புதுக் கார்டு கேட்கலாம் என்று ரேஷன் கார்டு கொடுக்கிற சர்க்கிள் ஆபீசுக்குப் போனாள். ஜன்னலில் இருந்த கிளார்க் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. பழைய கார்டிலிருந்து பெயரை வெட்டிவிட்டதாக ஒரு சான்று வேண்டும். அதை வாங்கிவந்தால்தான் புது விண்ணப்பத்தைக் கையில் தொடுவார்கள். பெயரை வெட்ட யார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். குடும்பத் தலைவன் என்றார். குடும்பத்தை விட்டுப் போனவன் குடும்பத் தலைவனாகவே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஜாதாவைப் பக்கத்து ஜுக்கியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி நதிக்கு அப்பால் இருக்கும் ஜமுனாபார் போனாள். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் பூல்மதி. பீகாரில் பூர்ணியாப் பக்கம். முதல் புருஷன் விட்டுவிட்டுப் போனவள். சுஜாதாவைவிடச் சிறிய ஒரு பெண் குழந்தை இருந்தது. செங்கம்மாளைப் பார்த்ததுமே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலைத் தட்டி உட்காரச் சொல்லிவிட்டு டீ போட்டாள். சண்டை போடுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த டீ பெரிய இடைஞ்சலாக இருந்தது.

தன்னிடம் ஒரு காகிதமும் கிடையாது என்று பூல்மதி இந்தியில் சொன்னாள். பூர்ணியாவில் இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது. இங்கே கடையில் தன்னை சங்கமல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; அக்கா தப்பாக நினைக்கக் கூடாது, அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்காவிட்டால் கோதுமை கிடைக்காது.

சங்கமல் யார் என்று செங்கம்மாளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கார்டு முதல்முதலாக எழுதப்பட்டபோது அவள் தன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். எழுதியவன் காதில் எது விழுந்ததோ அதை இந்தியில் எழுதினான். அவளுக்கு இந்தி பேச வரும், வாசிக்க வராது. இத்தனை வருஷமாக அவள் சங்கமலாக ரேஷன் வாங்கியிருக்கிறாள். தமிழ்ப் பேராக இருந்திருந்தால் பீகார்க்காரியிடம் ஒட்டியிருக்காது. அந்த எழுத்துப் பிழையில் யார் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளலாம்.

தர்மன் வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, பெயரை வெட்டினால் இவளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும், சேர்க்க இவளுக்கு ஊரிலிருந்து சான்று வேண்டும், அது நடக்கிற காரியமில்லை என்றான்.

"பேருதானே புள்ள. இருந்துட்டுப் போவட்டும். ஒனக்கு நாலு ஊட்ல சோறு போடறாங்க. இவளுக்கு யாரு போடுவா?"

"எம் பேரு திங்குது," என்றாள் செங்கம்மாள். "நானும் எம் பொண்ணும் திங்கல."

அவள் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கார்டில் சுஜாதாவின் பெயரும் இருந்தது என்பது பாலத்தின் மேல் பஸ் வரும்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. தகப்பன் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பங்கு சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தான்.

செங்கம்மாள் வேலை செய்த வீடுகளில் ஒன்று பாலசுப்ரமணியம் என்ற அதிகாரியுடையது. மத்திய அரசில் ஏதோ அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. தஞ்சாவூர்க்காரர், குரலை உயர்த்தாதவர், பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அன்று மாலையே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மனு எழுதினார். மறுநாள் ஆபீசில் டைப் அடித்து வாங்கிவந்தார். ஒரு பெண்ணின் பெயரில் வேறொரு பெண் அரசாங்க தானியம் வாங்குவதை விசாரிக்க வேண்டும் என்று விதி எண்களோடு எழுதியிருந்தார்.

"ரசீது வாங்கிண்டு வந்துடு," என்றார். "ரசீது இருந்தா அவா பதில் சொல்லியே ஆகணும்."

ரசீது வாங்கினாள். பதிலும் வந்தது, ஐந்தாறு மாதம் கழித்து. வராமலே இருந்திருக்கலாம்.

ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜமுனாபார் வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் தர்மன் இருந்தான். சங்கமல் யார் என்று கேட்டதற்குப் பூல்மதி முன்னால் வந்தாள். மகள் சுஜாதா எங்கே என்றதற்குப் பூல்மதியின் பெண்ணைக் காட்டினார்கள். கார்டு, வீட்டுச் சொந்தக்காரனின் கடிதம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரின் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. குடும்பம் சேர்ந்து வசிக்கிறது, காகிதங்கள் முழுமையாக இருக்கின்றன, மனு கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார்.

அதை அந்த ஜன்னல் கிளார்க்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். முன்பிருந்த பரிவு அந்தப் பார்வையில் இல்லை. மூன்று பேரையும் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்திருக்கிறார், நீ யார் என்று கேட்டார்.

செங்கம்மாள் சுஜாதாவின் பள்ளிச் சான்றை எடுத்துக் காட்டினாள். அதில் தாயார் பெயர் சரியாக இருந்தது. கிளார்க் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இது செங்கம்மாள், அது சங்கமல், வேறு வேறு ஆள் என்றார். அப்படியானால் செங்கம்மாள் பேரிலேயே எனக்கு ஒரு கார்டு கொடுங்கள் என்றாள். கொடுக்கலாம் என்றார் அவர். வாக்காளர் அட்டை வேண்டும். அது அவளிடம் இல்லை. ஜுக்கிகளில் போட்டோ எடுத்த நாளில் அவள் அப்பன் சாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். கணவன் பெயர் வேண்டும். தர்மன் என்று எழுதினால் தர்மனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். இறந்துவிட்டான் என்றால் மரணச் சான்று. விவாகரத்து ஆகிவிட்டது என்றால் கோர்ட்டுத் தீர்ப்பு. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

பாலசுப்ரமணியத்திடம் சொன்னபோது அவர் மனுவின் நகலை எடுத்து மறுபடியும் வாசித்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று பிறகு சொன்னார். அவள் வேண்டாம் சார் என்றாள். அவர் எழுதிய மனு ஒரு குற்றமும் இல்லாத மனு. ஆனால் அதற்கு முன்னால் அவள் கார்டு இல்லாதவள். அதற்குப் பின்னால் பொய்க்காரி.

அடுத்த மூன்று நான்கு வருஷம் எப்படிப் போயிற்று என்பதை அவள் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. வெளிக் கடையில் கோதுமை ரேஷன் விலையைப் போல மூன்று மடங்கு. மண்ணெண்ணெய் கறுப்புச் சந்தையில்தான். வேலை செய்கிற வீடுகளில் காலையில் கொடுக்கிற சப்பாத்தியைப் பாதி தின்றுவிட்டு மீதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவாள். அனந்தலக்ஷ்மி அதைக் கவனித்துவிட்டு, பெண்ணுக்கென்று தனியாக டப்பாவில் சாதம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் டப்பாவும் போய்விடும். அப்படி ஒரு கோடையில், பள்ளி திறந்த முதல் வாரத்தில், சுஜாதா காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ரத்தமே இல்லை, பேரீச்சம்பழமும் கீரையும் பாலும் கொடு என்று சீட்டில் எழுதினார்கள். செங்கம்மாள் அந்தச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஜுக்கியில் அய்யாசாமி என்று ஒருவர் இருந்தார். முன்பு ஏதோ ஆபீசில் பியூனாக இருந்து வேலை போனவர். தினமும் சர்க்கிள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பார். அவர் ஒரு நாள் தானாக வந்து சொன்னார். அரசாங்கம் பரம ஏழைகளுக்கென்று அந்த்யோதயா கார்டு என்று புதிதாக ஒன்று கொடுக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லை. ஓர் ஆளாக இருந்தாலும் ஒரு வீட்டுக்கு உண்டான கோதுமையும் அரிசியும் மாதம் தவறாமல் கிடைக்கும். விதவை என்றால் முதலில் கொடுக்கிறார்கள்.

"நீ செங்கம்மாளா இருந்தா ஒன்னும் ஆவாதும்மா," என்றார். "ஒன் தங்கச்சி ஓட்டுக் கார்டு வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

தங்கை குஞ்சம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் டெல்லியில் அவளோடு இருந்து வீட்டு வேலை செய்தவள். அந்த போட்டோ எடுத்த நாளில், சுஜாதாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, அப்பன் சாவுக்குப் போகாமல் அவள் ஜுக்கியிலேயே இருந்தாள். அதனால் அவளுக்கு அட்டை வந்தது. பிறகு ஊருக்குப் போய் முருகேசன் என்பவனைக் கட்டிக்கொண்டு, முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அட்டை பெட்டியில்தான் கிடந்தது. அதிலிருந்த முகம் வெளுத்துப்போய், அக்கா என்றாலும் தங்கை என்றாலும் நம்பலாம் போல இருந்தது.

செங்கம்மாள் ஒரு வாரம் யோசித்தாள். செத்தவள் பேரில் சாப்பிடுவதா என்பது ஒன்று. ஊரில் முருகேசன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு நன்றாக இருக்கிறான். அவனைச் செத்துப்போனதாக எழுத வேண்டும் என்பது இன்னொன்று. சுஜாதா மறுபடியும் ஒரு தடவை தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள்.

காகிதங்களை அய்யாசாமி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கணவன் சொந்த ஊரில் இறந்ததாக ஒரு அஃபிடவிட். ஏரியா கவுன்சிலரிடமிருந்து ஒரு கடிதம். வருமானம் இல்லை என்று ஒரு சான்று. விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு போட்டோ. போட்டோ ஸ்டூடியோவில் பொட்டை அழிக்கச் சொன்னார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்து முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளக் கை போயிற்று. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நோட்டரி வக்கீல் அவள் முகத்தைப் பார்க்காமலே, குஞ்சம்மாள், கணவர் பெயர் காலஞ்சென்ற முருகேசன், சரிதானே என்று இந்தியில் கேட்டார். சரி என்றாள்.

அட்டையின் நகலில் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் உண்மை நகல் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரைத் தெரியும் அவளுக்கு? பாலசுப்ரமணியத்திடம் கொண்டுபோனாள். அவர் நகலைப் பார்த்தார். குஞ்சம்மாளை அவருக்கு நன்றாகத் தெரியும். அதே வீட்டில் அவர் மகனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்த பெண். காகிதத்தைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார்.

"இதை நான் பார்க்கலைன்னு வச்சுக்கோ," என்றார். "என்கிட்டே கொண்டு வராதே."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கையெழுத்தை அய்யாசாமி வேறு எங்கோ வாங்கிவந்தார்.

கடைசியாக வீட்டு விசாரணை. அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஒருவரும் மறுக்கவில்லை, அங்கே பாதிப் பேருக்கு இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருந்தது. சிக்கல் சுஜாதாதான். பதினாலு வயது. இந்த வீட்டில் அம்மா என்ற வார்த்தை இன்ஸ்பெக்டர் காதில் விழக் கூடாது. சின்னம்மா என்று கூப்பிடு, இந்தியில் கேட்டால் மௌசி என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தாள். சுஜாதா அச்சா என்று தலையாட்டினாள். வேறெதுவும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இளைஞர், ஹரியானாக்காரர். வாசலில் நின்றபடியே அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து அந்தப் பெண் யார் என்று கேட்டார். அக்கா மகள் என்றாள் செங்கம்மாள். அவர் சுஜாதாவிடமே திரும்பி, உன் அம்மா எங்கே என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் செங்கம்மாள் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுஜாதா கொஞ்சமும் தயங்காமல் இந்தியில் பேசினாள். மம்மி அப்பாவோடு ஜமுனாபாரில் இருக்கிறாள், எனக்கு இங்கே பள்ளிக்கூடம் இருப்பதால் மௌசியிடம் விட்டிருக்கிறார்கள்.

அவர் எழுதிக்கொண்டார். போகும்போது, நன்றாகப் படி என்று அவள் தலையைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சந்து திரும்புகிற வரைக்கும் செங்கம்மாள் கதவருகிலேயே நின்றாள்.

"அப்படிச் சொல்லுன்னு யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல," என்றாள் சுஜாதா. "அப்பா கார்டுல அப்படித்தானே இருக்கு."

கார்டு வந்தது. முதல் மாதக் கோதுமையும் அரிசியும் இரண்டு நடையாகத் தூக்கிவர வேண்டியிருந்தது. அன்று வெள்ளைச் சோறு வடித்து, முருங்கைக்கீரை போட்டுக் குழம்பு வைத்தாள். சுஜாதா மூன்று தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் தெரிந்தது. அது பொய் இல்லை. அந்தக் கார்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் செங்கம்மாள் இதைச் சொல்வாள்.

வருஷத்துக்கு ஒரு முறை பரிசீலனை இருக்கும். உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை, வேறு ஆதரவு இல்லை என்று புதிதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். நிஜ விதவைகள் பலர் ஏதாவது ஒரு சான்று குறைந்து, கார்டு ரத்தாகி, ஜன்னலில் அழுதுகொண்டு நிற்பார்கள். செங்கம்மாள் ஒரு காகிதமும் குறைய விட்டதில்லை. பயம்தான் காரணம். ஒரு நகல் கேட்டால் மூன்று நகல் வைத்திருப்பாள். பாலித்தீன் பைக்குள் பை போட்டுச் சுற்றி, மழைக்காலத்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அவளைத் தெரிந்த ஜன்னல் கிளார்க் அவள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார்; புதிதாக வந்தவர், இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் அவளைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பொம்பளை என்று அவர் நினைத்திருப்பார்.

இரண்டாயிரத்து நான்கில், வெயில் காலத்தில், தர்மன் தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். கூட வேலை செய்த தமிழ் ஆள் ஒருவன் வந்து சொன்னான். சுஜாதாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனாள். வெளியே சிமெண்டு பெஞ்சில் பூல்மதி கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் பெண். போலீஸ்காரர் ஒருவர் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி சங்கமல், மகள் சுஜாதா என்று கார்டைப் பார்த்து முன்பே எழுதியாகிவிட்டது.

செங்கம்மாள் போய் நின்றதும், நீ யார் என்று கேட்டார். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கார்டு. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குஞ்சம்மாள், செத்தவனுக்கு என்ன உறவு என்றார். மனைவியின் தங்கை என்றாள். அவர் சாலி என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மைத்துனி என்பதற்கு இந்தியில் அதுதான் சொல். டெல்லித் தெருக்களில் அதுவே வசவும்கூட. பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் சிரித்தார்.

பூல்மதி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். கையை உதறிவிடத்தான் நினைத்தாள். கார்டைத் திருப்பிக் கொடுக்காமல் போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அக்காளும் தங்கையுமாக அவர்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். உடலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது பூல்மதி. சுஜாதா கொஞ்ச தூரத்தில், தூணில் சாய்ந்தபடி நின்றாள்.

நான்கு மாதம் கழித்துப் பூல்மதி ஜுக்கிக்கே வந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. விதவை என்று அந்த்யோதயாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். கார்டில் உள்ள மகளின் பள்ளிச் சான்று கேட்கிறார்கள். அவள் பெண் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. சுஜாதாவுடைய சான்று ஒரு நகல் கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாயார் பெயர் செங்கம்மாள் என்று போட்டிருக்கிற சான்று அது. இதே இலாகா ஒரு காலத்தில் சங்கமல் வேறு, செங்கம்மாள் வேறு என்று சொன்னது. இப்போது எழுத்துப் பிழை என்று சொல்லிவிடுவார்கள் என்று பூல்மதியின் தரகன் உறுதி சொல்லியிருந்தான். செங்கம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடியாது என்று சொல்லலாம். ஆபீசுக்கே போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் விசாரணை வரும்; விசாரணை வந்தால் ஜமுனாபாருக்கு மட்டும் வராது. பூல்மதி இதை வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நகலை எடுத்துக் கொடுத்தாள். பெருந்தன்மை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

சுஜாதா பன்னிரண்டாவது முடித்துவிட்டு லாஜ்பத் நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தைப் பேங்கில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். கணக்குத் திறக்க ரேஷன் கார்டு வேண்டும். அதில் தன் பெயர் இருக்க வேண்டும். அவள் பெயர் இருந்த கார்டு ஜமுனாபாரில் இருந்தது. போய் வாங்கிவந்தாள். பிறகு வாக்காளர் அட்டைக்குப் போனாள். பிறகு பேங்கிலிருந்து வருகிற கடிதத்தை வாங்கப் போனாள். காகிதத்தில் அவள் விலாசமே அங்கேதான் இருந்தது. மெட்ரோவில் ஏறினால் பாதித் தூரம் சுலபமாகப் போய்விடலாம். பூல்மதியின் பெண் அவளை தீதி, அக்கா, என்று கூப்பிட்டது.

கோபம் தாங்காமல் செங்கம்மாள் ஒரு முறை, அந்தக் கார்டிலிருந்து உன் பேரை வெட்டிச் சான்று வாங்கிக்கொண்டு வா என்றாள். பூல்மதி இப்போது கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள். சுஜாதா சிரிக்கவில்லை, நிதானமாகவே கேட்டாள்.

"வெட்டிட்டு எந்தக் கார்டுல சேக்கறதும்மா? குஞ்சம்மாளுக்குப் பொண்ணே கெடையாதே."

செங்கம்மாள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

இரண்டாயிரத்து ஏழு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செங்கம்மாள் ரேஷன் கோதுமையைப் புடைத்து, கல் பொறுக்கி, மில்லில் அரைத்து வந்தாள். பூரி சுட்டு, உருளைக்கிழங்கு மசாலா வைத்து, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சுஜாதா வர இருட்டிவிட்டது. கையில் பேங்கிலிருந்து வந்த உறை இருந்தது. கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவளிடம், உட்காரு, சூடாக இருக்கும்போதே சாப்பிடு என்றாள் செங்கம்மாள்.

"அங்கயே சாப்ட்டேம்மா," என்றாள் சுஜாதா. "விடவே மாட்டேன்னுட்டாங்க."

உறையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். செங்கம்மாள் ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மற்றதில் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.